பதினாறு டெராபைட்டும் இரண்டு நட்டும்

எங்கள் வீட்டில் ஐந்து நாட்களாக ஒரு பல்லி நல்ல வாக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்களுடையது இரண்டாம் மாடியில் ஒன்றரை அறை வீடு. அந்த அரை அறையில் என் கம்ப்யூட்டர் இருக்கிறது. நான் அதில் மொழிபெயர்ப்பு வேலை செய்வேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். உரித்தபடியே கேட்பார்: “இந்தத் தடவையாச்சும் எனக்கு அந்தப் பொறப்புப் பத்திரம் கெடைச்சிருமா புள்ள?”

டிக்... டிக்... டிக்.

“பாத்தியா! பல்லி சொல்லிருச்சு.” உடனே தரையில் விரலால் மூன்று தட்டு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் தட்டினேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள், பட்டமும் வாங்கியவள்... மேசை விளிம்பில் மூன்று தட்டு. சகுனம் நல்லதாக இருக்கும்போது படிப்பு கொஞ்சம் ஒதுங்கி நின்றால் என்ன?

ஆறாம் நாள் கம்ப்யூட்டர் திறப்பதற்கே கால் மணி நேரம் எடுத்தது. அம்மா சமையலறையில் இருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்போதும் டிக்... டிக். சுவரைப் பார்த்தேன், பல்லி இல்லை. மேசைக்குக் கீழே குனிந்து பெட்டியில் காதை வைத்தேன்.

பல்லி உள்ளே இருந்தது — ஹார்ட் டிஸ்க் என்ற பெயரில். உள்ளே சுழலும் தட்டைப் படிக்க முடியாமல் அதன் முள் தடுமாறுகிற சத்தம் அது. சாகப்போகிற டிஸ்க் அப்படித்தான் கத்தும். நாங்கள் ஐந்து நாட்களாக அதற்கு ‘ஆமாம்’ போட்டிருக்கிறோம்.

டிஸ்க் போனால் போகட்டும், இன்னொன்று வாங்கலாம் என்கிறீர்களா? அதற்குள் அம்மா இருந்தார்.

அம்மா பிறந்தது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். பிறப்பை யாரும் பதியவில்லை. பறித்த கொழுந்தை நிறுத்துப் பதிவதற்கு அங்கே தினமும் ஆள் இருந்தது. பெற்ற பிள்ளையைப் பதியத்தான் ஆள் இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் அடையாள அட்டையும் இல்லை. கிராம சேவகரின் கடிதம் ஒன்றை நாலாக மடித்து வைத்துக்கொண்டு இத்தனை வருடம் கொழும்பில் வாழ்ந்திருக்கிறார். யுத்தம் நடந்த சோதனைச் சாவடிக் காலத்தில் சந்தைக்குப் போகவே பயந்தவர். இன்றைக்கும் அவருடைய சிம் கார்டு என் பெயரில்தான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே டிஸ்பென்சரியின் பழைய புத்தகத்தில் ஒரே ஒரு வரி கிடைத்தது — தாத்தாவின் பெயர், ‘பெண் குழந்தை’, ஒரு திகதி. போனில் படம் எடுத்தேன். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அச்சிட்டு ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். அவர்கள் அதை மிகவும் பத்திரமாகத் தொலைத்தார்கள். இதற்கிடையில் புத்தகம் இருந்த அறையின் கூரை ஒழுகி, ஊறிப்போன காகிதங்களைத் தோட்டத்தில் எரித்துவிட்டார்கள். என் பழைய போன் பஸ்ஸில் பறிபோனது. இப்போது மறுபடியும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புதன்கிழமை. அந்தப் படத்தின் அச்சு இல்லாமல் வரவேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

ஆக, அம்மா பிறந்ததற்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்த டிக் டிக் பெட்டிக்குள்.

இணையத்தில் ஒரு பிரதி போட்டு வைத்திருக்கக் கூடாதா? கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குக் கொடுத்த இலவச இடம் நிரம்பியிருந்தது. எதனால்? காலிமுகத்திடலில் நான் தின்ற இறால் வடைகளின் படங்களால்.

சரி, புதிய டிஸ்க் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தேன். நம்பகமாகவும் இருக்க வேண்டும், கைக்கு அடக்கமான விலையிலும் இருக்க வேண்டும். நீங்களும் ஒருமுறை ‘ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறேன்’ என்று வாய் திறந்து பாருங்கள். மாப்பிள்ளை தேடுகிறேன் என்றால்கூட இத்தனை பேர் ஆலோசனையோடு வரமாட்டார்கள்.

என்னோடு வேலை செய்யும் தர்ஷினியின் அப்பா சிவம் அங்கிள் அதில் முதல் ஆள். ஓய்வுபெற்றவர். வெள்ளவத்தையில் கடல் தெரிகிற ஃபிளாட்டில் இருக்கிறார். மகன் கனடாவில். செய்தி கேட்டதும் கூப்பிட்டார்.

“பிள்ளை, நுகேகொடைப் பக்கம் வாங்கிப்போட்டு அழாதையும். இஞ்சை விக்கிறது எல்லாம் டூப்ளிகேட்.”

“அப்ப எங்க வாங்குறது அங்கிள்?”

“ஏன் வாங்கவேணும்? மகன் வரேக்கை எனக்கெண்டு ஒண்டு கொண்டந்தவன். இன்னும் பிரிக்கேல்லை. அவன் வாங்கின விலைக்கே தாறன்.”

வெள்ளவத்தைக் கண்ணாடி அலுமாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டில் இருந்து வந்தது என்றால் வெறும் சொக்லேட் டின்னுக்குக்கூட அங்கே முன்வரிசையில் இடம் உண்டு. உள்ளூரில் வாங்கியது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சமையலறையோடு சரி. அங்கிள் அந்த அலுமாரியில் இருந்துதான் பெட்டியை எடுத்தார், குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும்.

“பதினாறு டெராபைட்! உம்மட கொட்டாஞ்சேனை முழுக்க இதுக்குள்ளை போடலாம்.”

“வெள்ளவத்தையையும் சேத்துப் போடலாமே அங்கிள்?”

“அது கொஞ்சம் பெரிசெல்லே.”

“இது எங்க செஞ்சது?”

“கனடாவிலை வாங்கினது.”

“வாங்கினது சரி. செஞ்சது?”

“பிள்ளை... கனடாவிலை வாங்கினது எண்டு சொல்லுறன்!”

படித்தவள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். நுகேகொடையில் ஒரு டெராபைட் விற்கிற விலைக்கு ஒருவன் பதினாறைத் தூக்கிக் கொடுக்கிறான் என்றால் அவனுக்கு என்ன வேண்டுதல்? நான் கேட்கவில்லை. பெட்டியில் டொலரில் விலை ஒட்டியிருந்தது. மயங்கிவிட்டேன். வெள்ளவத்தையைப் பற்றிச் சிரிக்கிற வாய்க்கு, வெள்ளவத்தைச் சாமான் கையில் கிடைத்ததும் பேச்சே வரவில்லை.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ‘அம்மா’ என்ற ஃபோல்டரைக் கொப்பி பண்ணினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதினாறு டெராபைட் இருக்கிறதே! விட்டுவிட முடியுமா? என் பல்கலைக்கழகப் படங்கள், பழைய வேலைகள், கடைசியில் தர்ஷினியின் கல்யாண வீடியோ. தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கல் தொடங்கி மாப்பிள்ளை வீட்டு விருந்து வரை ஒரு நிமிடம் விடாமல் எடுத்தது. சாகக் கிடந்த டிஸ்க்கைக் காலையில் இருந்து மாலை வரை மாடு மாதிரி இழுக்க வைத்தேன். எல்லாம் கொப்பி ஆகிவிட்டது என்று திரையில் வந்தது. அதன்பிறகு அந்தப் பெட்டி டிக் சொல்வதைக்கூட நிறுத்திக்கொண்டது.

பரவாயில்லை, கனடா இருக்கிறது என்று இரவல் வாங்கிய லேப்டாப்பில் புதியதைச் செருகி ‘அம்மா’வைத் திறந்தேன். ஃபோல்டர் இருந்தது. படத்தின் பெயரும் இருந்தது. அழுத்தினேன்.

‘திறக்க முடியவில்லை.’

இன்னொரு தடவை அழுத்தினேன். இருபது தடவை இருக்கும். அம்மா பின்னால் வந்து நின்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் என் முகத்தை வாசிப்பதில் அவர் பட்டதாரி.

சனிக்கிழமை இருவரும் இரண்டு டிஸ்க்கையும் துவாயில் சுற்றிக்கொண்டு நுகேகொடைக்குப் போனோம். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்னக் கடை. திருத்துகிறவர் ரேணுகா அக்கா, சிங்களவர். தமிழ் வாடிக்கையாளர்களோடு பேசிப்பேசியே தமிழ் பிடித்துக்கொண்டவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிங்களத்தில், “பெக்அப் எகக் நெத்த, நங்கி?” என்றார். வேறு பிரதி இல்லையா தங்கச்சி என்கிறார். வெட்கக்கேடு எந்த மொழியில் கேட்டாலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது.

கனடா டிஸ்க்கைக் கையில் எடுத்தவர் அதைக் கம்ப்யூட்டரில் செருகக்கூட இல்லை. காதருகே வைத்து ஆட்டினார். சிரித்தார்.

“இது வெள்ளவத்தை சாமான் தானே? மாசம் ரெண்டு மூணு வருது.”

“கனடாவுல இருந்து வந்தது அக்கா.”

“ஓ, எல்லாம் கனடா தான். சில நேரம் லண்டன்.”

திருகாணியைக் கழற்றித் திறந்து காட்டினார். உள்ளே சுழலும் தட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. போனில் போடுகிற மெமரி கார்டு ஒன்று பசையில் ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு இரும்பு நட்டு.

“இது எதுக்கு?”

“வெயிட்டுக்கு. லேசா இருந்தா ஆள் வாங்கிறது இல்ல தானே.”

அந்தக் கார்டு ‘நான் பதினாறு டெராபைட்’ என்று கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லுமாம். கம்ப்யூட்டரும் என்னைப்போல நம்பிவிடும். சின்ன இடம் நிரம்பியதும், முதலில் வந்ததை அழித்து அதன் மேலேயே அடுத்ததை எழுதிக்கொண்டு போகும். முதலில் போனவர் அம்மா. கடைசியாக வந்தது பொன்னுருக்கல். கல்யாண வீட்டில் முன்வரிசையில் இடம் பிடிக்கிற மாதிரி, தர்ஷினியின் சொந்தக்காரர் எல்லோரும் என் அம்மாவை எழுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

ரேணுகா அக்கா பழைய டிஸ்க்கைக் கையில் எடுத்தார். அப்போது சிரிக்கவில்லை.

“இதுல எல்லாம் எடுக்க பாத்தா ஒண்ணும் வாராது நங்கி. ஒரு சாமான் மட்டும் சொல்லு. எது வேணும்?”

“அம்மா,” என்றேன்.

பிளாஸ்டிக் கதிரையில் இருந்த அம்மா, “என்னாடி?” என்றார்.

முதல் தடவை கம்ப்யூட்டர் அந்த டிஸ்க்கைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாம் தடவை கண்டது, உடனே விட்டது. ரேணுகா அக்கா அதை ஆறவிட்டார், பக்கத்துக் கடையில் பிளேன்டீ சொன்னார். அம்மா குடிக்கவில்லை. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், யாரோ அதையும் பிடுங்கப்போகிற மாதிரி. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அந்த அலுவலகத்தின் மேல், தோட்டத்தின் மேல், அங்கிள் மேல், கடைசியில் இறால் வடை மேல்.

நாலாம் தடவை திரையில் படம் வந்தது. மேலிருந்து கீழாக, மெல்ல மெல்ல. மஞ்சள் காகிதம், நீல மை, தாத்தாவின் பெயர், ‘பெண் குழந்தை’.

“வந்துட்டேனா?” என்று கேட்டார் அம்மா.

வந்துவிட்டார். வேறு எதுவும் வரவில்லை. என் பல்கலைக்கழக வாழ்க்கை அதற்குள்ளேயே அடக்கமாகிவிட்டது.

அதன்பிறகுதான் ரேணுகா அக்காவிடம் ஒழுங்காக டிஸ்க் வாங்கினேன். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், காசு வாங்காமல். ஒரு பெரியதை வாங்காதே, அதே விலைக்கு இரண்டு சின்னது வாங்கு. ஒன்றை வீட்டில் வை, மற்றதை வேறு ஒருவர் வீட்டில் வை. வேகம் வேண்டுமென்றால் கம்ப்யூட்டருக்குள் தட்டே சுழலாத எஸ்.எஸ்.டி. போடு, சேர்த்து வைப்பதற்குப் பழைய மாதிரிச் சுழலுகிறதே போதும், மலிவு. கெட்டுப்போனால் எந்தக் கடைக்குக் கொண்டுபோவது என்று கேள் — பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்தால்தான் அது வாரண்டி, விமானத்தில் போகிற தூரத்தில் இருந்தால் அது வெறும் காகிதம். புதியது என்று விற்பதில் பாதி, எங்கோ சிசிடிவியில் வருடக்கணக்கில் உழைத்துவிட்டுத் துடைத்துப் பெட்டிக்குள் வந்ததாம். எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும். காசு கொடுக்கும் முன் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச் சொல். காட்ட மாட்டேன் என்கிற கடையில் இருந்து இறங்கி நட.

மரியாதைக்காக அங்கிளுக்குப் போன் பண்ணி நட்டுக் கதையைச் சொன்னேன்.

“தர்ஷினியின்ர கலியாண வீடியோ ஓடுதே?”

“அது மட்டும் ஓடுது அங்கிள்.”

“அப்ப டிஸ்க்கிலை பிழையில்லை, பிள்ளை. நீர் கொப்பி பண்ணின முறையிலைதான் பிழை.”

புதன்கிழமை நேர்முகம். தமிழ் உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். அச்சைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார், கிராம சேவகரின் கடிதத்தோடு ஒப்பிட்டார். “சரி, இது போதும். பதியலாம்,” என்றார். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகு அரசாங்கத்தின் வாயில் இருந்து வந்த நான்கு சொற்கள்.

உத்தியோகத்தர் அதோடு நிறுத்தியிருக்கலாம். பேனாவால் ஓரத்தில் கணக்குப் போட்டார்.

“அப்ப அம்மாவுக்கு ஐம்பத்தேழு முடிஞ்சிருக்கு.”

“யாருக்கு?” என்றார் அம்மா.

வீட்டில் அம்மாவின் வயது ஐம்பத்திரண்டு. அப்பாவுக்கு ஐம்பத்தைந்து. அப்படித்தான் இந்தக் குடும்பம் இத்தனை காலம் ஓடியிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அந்த வரியை வாசித்தபோதே எனக்குத் தெரியும். அன்றைக்கு அம்மா ‘எங்கப்பா பேரு இருக்கா?’ என்று மட்டும்தான் கேட்டார். நானும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன்.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். “ஒங்கப்பாகிட்ட சொல்லிராத,” என்றார் அம்மா. கொஞ்சம் கழித்து, “அந்தப் படத்த இப்ப எங்கெங்க வச்சிருக்க?” என்றார்.

பெருமையாகச் சொன்னேன்: வீட்டில் ஒரு டிஸ்க்கில், தர்ஷினி வீட்டில் இன்னொரு டிஸ்க்கில், இணையத்தில் ஒன்று, ஆக மூன்று இடத்தில். இனி எவராலும் அழிக்க முடியாது.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“மூணுலயும் அதே வயசுதானா?”