தயிர்சாதத்துக்குள் தங்கம்

அம்மா விட்டுப்போன தேய்ந்த வளையல்களை உருக்கிக் கட்டியாக்கி, மகள் கல்யாணத்துக்கென்று பீரோவில் வைத்திருந்தேன். கோலார் தங்கவயலில் தங்கக்கட்டி என்றாலே ஒரு நடுக்கம் உண்டு. சுரங்கத்தில் காவலராக இருந்த பக்கத்து வீட்டு அண்ணன், "இன்னாம்மா, கட்டியாவா வூட்ல வச்சிருக்கே? நகைன்னா பரவால்ல, கட்டின்னா சட்டப்படி ஜெயிலுதான்" என்றார்.

பயந்துபோனேன். பெங்களூரு நகைக்கடையில் சங்கிலி செய்யக் கொடுத்துவிடலாமென்று, மறுநாளே கட்டியைத் தயிர்சாத டப்பாவுக்குள் புதைத்து, கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறினேன். தினமும் அதே ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நாங்கள் டிபனைப் பங்கு போட்டுக்கொள்ளும் வழக்கத்தை மறந்தே போனேன். வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் மஞ்சுளா உரிமையோடு ஒரு வாய் அள்ளிப் போட்டவள், "ஐயோ, பல்லு!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, விழுங்கவில்லை.

காதோடு விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டாள். "அக்கா, அந்தச் சட்டத்த பார்லிமென்ட்லயே ரத்து பண்ணி எத்தினியோ வருஷமாச்சு. போய் பீரோலயே வைங்க."

பழைய சட்டங்களை எடுத்துப் பார்த்து, உதவாததை நீக்குவது டெல்லிக்காரர்கள் வேலை என்றிருந்தேன். அது என் பீரோ வரை வருகிற வேலை. இப்போது யார் சட்டம் என்று மிரட்டினாலும், "அது இன்னும் நடப்பில் இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அண்ணனிடமும் விவரம் சொன்னேன். உள்ளே போனவர், அரிசி டின்னிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தார். "என் சம்சாரத்தோட கம்மல உருக்கினதும்மா. இனிமே இத வெளிய எடுக்கலாமா?"