கந்தப்பனின் சிவப்புச் சாக்பீஸ்

துடியலூர்ப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கந்தப்பனுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை: குற்றம் கண்டுபிடிப்பது. லேத்தில் கடைந்து வந்த பம்ப் உறுப்புகளை அளந்து பார்ப்பார். பிசகியதில் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி. சரியானதற்கு ஒரு குறியும் கிடையாது. பேசாமல் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவார். அவர் கைபட்டுப் போன பம்ப் எதுவும் திரும்பி வந்ததில்லை என்பதில் முதலாளிக்குப் பெருமை, அவருக்கு அதைவிட.

பார்க்கிறவர்களுக்கெல்லாம் 'ங்க' போட்டுப் பேசும் மென்மையான மனிதர். வீட்டுக்கு வரும்போது சாக்பீஸைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டுத்தான் வருவார். கண்ணை வைத்துவிட்டு வர முடியாதே. மகள் சாந்தாமணி எழுதிய முதல் 'அ'விலேயே சுழி சரியில்லை. கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கி வந்தபோது, "மீதி நாலு எங்க அம்மணி?" என்றார். அவளும் அப்பாவுக்குத் தப்பாத பிள்ளை. தொண்ணூற்றாறை மறந்துவிட்டு, அந்த நாலைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

1994இல், பி.எஸ்சி. இரண்டாம் வருஷப் பரீட்சையில் பாதியில் எழுந்து வந்தவள் படுத்துவிட்டாள். சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. "நான் எதுக்கும் ஆகமாட்டனுங்கம்மா" என்பதைத் தவிரப் பேச்சில்லை. இரண்டு மாதம் அப்படியே போயிற்று.

மனநல டாக்டர் மாத்திரை எழுதினார். பிறகு கந்தப்பனைத் தனியே கூப்பிட்டு என்ன வேலை என்று விசாரித்தார்.

"நல்லா இருக்கிற பீஸை என்ன பண்ணுவீங்க?"

"ஒன்னுஞ் சொல்லாம அனுப்பிப்போடுவனுங்க."

"அது நல்ல பீஸுன்னு அதுக்குத் தெரியுங்களா?"

கந்தப்பன் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாளிலிருந்து, மகளுக்கு மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் ஒரு நல்ல வார்த்தையும் சேர்த்துக் கொடுத்தார். "இன்னைக்கு எந்திரிச்சு உக்காந்துட்டியே, நல்லது அம்மணி. தலைதான் இன்னும் சீவ..." மீதியை விழுங்கினார். அவள் யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மாத்திரையும் வார்த்தையுமாக ஒரு வருஷம் பிடித்தது. விட்ட பரீட்சையை எழுதி ஐம்பத்தெட்டு வாங்கினாள். மார்க் ஷீட்டை நீட்டிவிட்டு அப்பாவின் வாயையே பார்த்தபடி நின்றாள். கந்தப்பன் பழக்கதோஷத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பாஸு!" என்றார். தெருக்கோடிவரை கேட்டது.

அந்த மார்க் ஷீட்டைக் கம்பெனிக்கும் கொண்டுபோனார். இத்தனை வருஷம் அவரிடம் சிவப்புப் பெருக்கல் குறி வாங்கிய கடைசல்காரர் அக்பர் அலி விடுவாரா? "ஏனுங்ண்ணா, மீதி நாப்பத்திரண்டு எங்கீங்க?"

"அளவெல்லாம் சரியா இருக்குதுங்க. நீங்க உங்க கடைசலைப் பாருங்க."

அன்று சாயந்திரம் சாந்தாமணி தோசை சுட்டுப் போட்டாள். "ஏனுங்கப்பா, இன்னைக்கு இன்னும் ஒன்னுஞ் சொல்லலீங்களே?" என்று அவளாகவே கேட்டாள்.

தோசை ஒரு பக்கம் கோணி, ஓரம் கருகியிருந்தது. கந்தப்பன் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வட்டமா வந்திருக்குது கண்ணு."

தன் சர்வீஸில் தெரிந்தே அவர் பாஸ் போட்ட முதல் பிசகு அது.