விடுப்பு கேட்ட முதலாளி

என் கணவர் மூணாறில் சொந்தமாக ஜீப் ஓட்டுகிறார், யாருக்கும் கீழே வேலை பார்ப்பதில்லை என்றுதான் சமவெளியிலுள்ள சொந்த ஊரான எருத்தேன்பதியில் எங்கள் குடும்பம் அப்போது நம்பியது. அந்த ஆண்டு மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்கு அவர் வராததற்கு நான்தான் காரணம் என்றும் நம்பியது. நோன்பிக்குப் பூச்சாட்டி நாள் குறித்துவிட்டால் எங்கள் பக்கத்து ஆண்கள் எங்கிருந்தாலும் ஊர் வந்து சேர்வார்கள். வராதவரை யாரோ கட்டிப்போட்டிருக்க வேண்டும். மனைவியைத் தவிர வேறு யார்? இரண்டு நம்பிக்கைகளையும் நான் மறுக்கவில்லை.

மாட்டுப்பட்டி சாலையோரம் நாங்கள் குடியேறிய முதல் வாரத்தில், பக்கத்து வீட்டு செல்வியக்கா கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி எந்தக் கம்பெனி?" என்பது. தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர் அவர். இங்கே ஒருவர் யாரிடம் வேலை பார்க்கிறாரோ அதுவே அவருடைய விலாசம். எங்கள் சமவெளியில் நிலம் வைத்திருப்பவரிடம் அதைக் கேட்டால், மறுநாள் முதல் அவர் நம் வீட்டுப் பக்கம் வரமாட்டார். அங்கே அறிமுகம் ஏக்கரில் தொடங்கித் தென்னைக்குத் தண்ணீர் போதுமா என்பதில் முடியும். "கம்பெனி இல்லீங்க்கா, சொந்தமுங்க" என்றேன். அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "விடு தாயி, சீக்கிரம் ஏதாச்சும் கிடைச்சிரும்."

ஜீப் எங்களுடையது, அதன் கதவில் எழுதியிருந்த பெயர் ஒரு தங்கும் விடுதியினுடையது. விடுதி சொன்ன நேரத்தில், விடுதி தந்த சட்டையில், விடுதியின் விருந்தினர்களை மட்டுமே ஏற்ற வேண்டும். ஆனாலும் விடுதிக்காரர்கள் என் கணவரை ஒப்பந்தக்காரர் என்றார்கள். அவருக்கும் அது இனித்தது.

பிறகு ஒரு பெருமழையில் மண் சரிந்து விடுதி மூடப்பட்டது. வேலையிழந்த தொழிலாளிக்கு உதவித்தொகை உண்டு, ஒப்பந்தக்காரருக்கு இல்லை. மற்ற ஓட்டுநர்களின் வற்புறுத்தலால், தானும் தொழிலாளிதான் என்று இவரும் மனுக் கொடுத்தார். தொகை கிடைத்தால் விடுதி திறக்கும்வரை காத்திருக்கலாம். கிடைக்காவிட்டால் ஜீப்பை விற்று, தோட்டப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் என் வேலையையும் விட்டு, ஊரில் இவருடைய அண்ணன் தனியாகப் பார்த்துவரும் குடும்பத் தென்னந்தோப்புக்குத் திரும்ப வேண்டும்.

தொழிலாளர் அலுவலக விசாரணைக்குத் துணையாக அந்த அண்ணன் ஊரிலிருந்து வந்து, எங்களுக்குப் பின்னால் அமர்ந்தார். வினை அங்கே தொடங்கியது. அலுவலர் மலையாளப் பெண்மணி. எங்களுக்காகத் தமிழைக் கலந்து பேசினார்.

"ஹோட்டல்ல விளிச்சா, சேட்டனுக்கு வரலேன்னு சொல்லலாமோ?"

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்மள ஆருங்க அதிகாரம் பண்றது? இஷ்டமிருந்தா ஓட்டுவனுங்க, இல்லாட்டி ஊட்டுல இருப்பனுங்க."

அண்ணன் திருப்தியாகக் கனைத்தார். விடுதியின் பிரதிநிதியோ, எங்களுக்காகவே வந்தவரைப் போல முகம் மலர்ந்தார். மேலும் இரண்டு கேள்விகளுக்கும் இவர் அதே மிடுக்கில் பதில் சொன்னார். தமக்கு வரவேண்டிய உதவித்தொகையைத் தாமே மரியாதையோடு வாசல்வரை கொண்டுபோய் வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

அலுவலர் கோப்பை மூடப்போனபோது நான் அனுமதி கேட்டு எழுந்தேன். கணவர் பக்கம் திரும்பி, "ஏனுங்க, இந்த வருசம் நோன்பிக்கு ஏன் போகலீங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பின்னால் அண்ணன் இருப்பது எங்கள் இருவருக்கும் பெரிதாகத் தெரிந்தது.

"லீவு குடுக்கலீங்க."

"ஆரு?" என்றார் அலுவலர்.

"மேனேஜருங்க. பூச்சாட்டுன அன்னிக்கே கேட்டனுங்க, கோயில்ல கம்பம் நட்டப்பவும் கேட்டனுங்க. போனா திரும்பி வரவேண்டாம்னுட்டாருங்க."

"சொந்த பிசினஸுக்கு லீவு தர ஒரு மேனேஜரோ?" அலுவலர் பேனாவை மறுபடி திறந்தார். அதன்பின் சட்டையும் நேரமும் வெளியாட்களை ஏற்றக் கூடாதென்ற தடையும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பிரதிநிதியின் முகம் வாடிற்று.

வெளியே தேநீர்க் கடையில் அண்ணன் மூன்று தேநீர் சொன்னார். பிறகு, "ஏன்டா, இதையா மூடி வெச்சிருந்த? ஊரே இந்த அம்மிணியையல்லொ வஞ்சுக்கிட்டிருந்துச்சு" என்றார்.

"நீங்கதான முன்னால நின்னு வஞ்சீங்க" என்றார் இவர்.

"பின்ன, மூத்தவன் நாந்தான?" என்றவர் என்னிடம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லியிருக்கலாமல்லொ, அம்மிணி."

"மொதலாளி பேரக் கெடுக்கலாங்களா?" என்றேன். அவர் சிரித்ததில் தேநீர் வேட்டியில் சிந்தியது.

சில வாரங்களில் உத்தரவு வந்தது: என் கணவர் தொழிலாளியே; உதவித்தொகைக்கு உரியவர். அன்று மாலை அண்ணனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் பக்கம் தோப்பில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்து மழை அவருக்கும் கேட்டிருக்கும்.

"நல்லதாப் போச்சு அம்மிணி" என்றார். பிறகு, "அப்ப அங்கயே இருந்துக்கறீங்க" என்றார். அது கேள்வியாக ஒலிக்கவில்லை.

"ஆமாங்க" என்றேன்.

தோப்பைப் பார்த்துக்கொள்ள அங்கே அவர் ஒருவர் இருக்கிறார். இங்கே நாங்கள் இருவர் இருக்கிறோம்.