இலவ மரத்தடியில் இருபது நிமிஷம்

மதியம் பன்னிரண்டேகால் ஆனால் யுயேஷியா கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, நூலகத்துக்கு எதிரே உள்ள கல் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவாள். சோற்றுப் பெட்டியை மடியில் திறந்து வைப்பாள், சாப்பிடமாட்டாள். கைபேசியையே பார்த்திருப்பாள். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகள் யீருங், அங்கே அதிகாலையில் வேலைக்குக் கிளம்பும் நேரம் அது. இருபது நிமிஷம். விட்டால் மறுநாள்தான்.

தைனான் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மரங்களைக் கவனிக்கிற வேலை அவளுக்கு. எந்தக் கொம்பை வெட்டலாம் என்று மஞ்சள் நாடா கட்டுவதும் அவள் கைதான். மரத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் ரம்பத்தை எடுப்பாள்.

குளிர்காலத்தில் பெஞ்சுக்கு மேலே உள்ள இலவ மரம் மொட்டையாக நிற்கும். அப்போது மகளின் மூக்கோரத்து மச்சம்கூடத் தெரியும். சிவப்புப் பூ உதிர்ந்து தளிர் விட்டதோ, போயிற்று. நூலகச் சுவரில் இருக்கும் வைஃபை பெட்டியைத் தாழ்ந்த கொம்பு ஒன்று இலையால் மறைத்துவிடும். மகள் வாய் திறந்தபடியே உறைந்துபோவாள். மழை பெய்தால் குரலும் வராது. கருவிகள் வைக்கும் கொட்டகைப் பக்கம் வைஃபையே கிடையாது, கைபேசியில் வேறு இணைப்பும் இல்லை, நூலகத்துக்குள் பேசக்கூடாது.

வைஃபை பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற ஃபங் ஒருநாள் ஏணியிலிருந்து இறங்கி வந்து சொன்னான்: "இலை பூராவும் தண்ணிதான்க்கா. சிக்னல் அதுல முழுகிப் போயிடுது. பெட்டிய நகர்த்த அடுத்த வருஷம் ஆகும். அந்த ஒரு கொம்ப எடுத்துடுங்க, வேல முடிஞ்சுது."

"நானா எடுக்க முடியுமா? பெரியவர்கிட்ட கேக்கணும்."

பெரியவர் என்றால் மரம்தான். அடிமரத்தில் சிவப்புத் துணி கட்டி, ஊதுவத்தி கொளுத்துகிற மரம்.

ஃபங் சிரித்தான். "மரம் பாஸ்வேர்டு கேட்டா என்னக்கா சொல்லுவீங்க?"

"நீ மட்டும் என்னவாம்? மிஷின் ஒழுங்கா ஓடணும்னு அது தலைமேல பச்சைப் பொட்டலம் தீனி படையல் மாதிரி வச்சிருக்கியே. தேதி முடிஞ்சா மாத்தவும் செய்யறியே."

"அது... அது வேறக்கா," என்று அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

மறுநாள் காலை அவள் ஊதுவத்தி ஏற்றி, பிறை போன்ற இரண்டு மரத்துண்டுகளைக் கும்பிட்டுப் போட்டாள். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சம்மதம். இரண்டும் நிமிர்ந்து விழுந்தன. சாமி சிரிக்கிறது என்று அர்த்தம். இரண்டாம் முறையும் சிரிப்பு. "பிள்ளையோட மொகத்தப் பாக்கத்தானே சாமி கேக்கறேன்," என்று மூன்றாம் முறை போட்டாள். இரண்டும் கவிழ்ந்தன. வேண்டாம்.

சட்டைப்பையில் எடுத்து வந்த மஞ்சள் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். திரும்பப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அன்று பன்னிரண்டேகாலுக்கு மகள் வந்தாள், "அம்மா" என்றாள், உறைந்தாள்.

யுயேஷியா சோற்றுப் பெட்டியைப் பெஞ்சில் இறக்கி வைத்து, கைபேசியை அதில் சாய்த்து நிறுத்தினாள். மரத்தில் சாய்த்திருந்த துறட்டியை எடுத்து, அதன் கொக்கியைக் கொம்பில் மாட்டி மெல்ல ஒருபக்கமாக இழுத்துப் பிடித்தாள். ஓர் இலைகூட உதிரவில்லை. மகளின் கண் இமைத்தது.

"ஏம்மா உனக்கு இப்படி மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்ல கண்ணு, நீ பேசு," என்றாள், நடுங்குகிற துறட்டியைத் தோளோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு.