கம்பளிக் கோட்டுப் பூங்கொடி அக்கா

பூங்கொடி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி, நாமக்கல்லில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்துத் தொலைபேசியில் வந்தது. மலைமேல் செம்மேட்டில் எங்களுக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த அண்ணன் பேசினார். மஞ்சள் காமாலை முற்றிவிட்டதாம். "கம்பளிக் கோட்டு அக்கா போயிட்டாங்க கண்ணு" என்றார். அவருக்குப் பெயர் தெரியாமல் இல்லை. மலையில் பாதிப் பேர் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா மலையில் தேவனூர் நாடு என்னும் ஊர்த்தொகுதியில் சாமையும் மரவள்ளியும் மிளகும் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். பத்தாவது வரை படித்தவர். செம்மேட்டிலிருந்த ஒரு சிறிய தொண்டு நிறுவனத்துக்காக ஊர் ஊராக நடந்து போய்ப் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். முப்பத்திரண்டு வயதுதான் ஆகியிருந்தது.

தொண்ணூற்றெட்டில் அதே நிறுவனத்தில் பதிவேடு எழுதும் வேலைக்கு அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலிருந்து நான் மேலே போனேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆனால் யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். அதனால் அக்காவிடம் நான் முதலில் பார்த்தது அவருடைய காலைத்தான். ஆண்கள் போடும் கறுப்பு ரப்பர் பூட்ஸ். பெரிய அளவு என்பதால் உள்ளே துணி திணித்திருந்தார். அதற்கு மேல் பெரிய பெரிய ஆரஞ்சுப் பூப்போட்ட பாவாடை. அவருடைய அம்மா கல்யாணமான புதிதில் கட்டிய நைலக்ஸ் சேலையை வெட்டித் தைத்தது. அதற்கும் மேல் முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கம்பளிக் கோட்டு. அதன் மார்பில் ஏழெட்டு ஊக்குகளை வரிசையாகக் குத்தியிருந்தார். வகுப்புக்கு வரும் பெண்களுக்கு ரவிக்கைக் கொக்கி அறுந்தால் ஒன்றைக் கழற்றிக் கொடுப்பார். திருப்பிக் கேட்க மாட்டார்.

"பயந்துக்காத புள்ள, கடிக்க மாட்டேன்" என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

அந்தக் கோட்டின் கதையைப் பிறகு தெரிந்துகொண்டேன். மலையில் குளிருக்கும் மழைக்கும் பெரியவர்கள் போர்த்தும் கறுப்புக் கம்பளி அது. அக்காவின் அப்பா பெரியண்ணன் போர்த்தியது. அவர் இறந்தபோது அக்காவுக்குப் பதினைந்து வயது. இறந்தவர் போர்வையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, அது இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. அக்காவின் பெரியப்பா அதை மற்றத் துணிகளோடு இடுகாட்டு ஓரத்தில் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் அக்கா தனியாகப் போய் அதை எடுத்து வந்து பாறை இடுக்கில் ஒளித்து வைத்தார். செம்மேட்டில் வேலை கிடைத்த பிறகு தையற்கடைக்குக் கொண்டுபோனார். மிஷின் ஊசி உடைந்துவிடும் என்றார் கடைக்காரர். யாருடைய கம்பளி என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், ஊசி உடையாவிட்டாலும் தைக்க முடியாது என்றார். ஆகவே அக்காவே கோணி ஊசியால் தைத்தார். வெட்டிய ஓரம் பிரிந்து வந்ததால் பாவாடையில் மிஞ்சிய நைலக்ஸ் துண்டை வைத்துச் சுற்றி மடித்தடித்தார். சந்தையில் பழைய துணி விற்பவரிடம் பித்தளைப் பித்தான்கள் நான்கு வாங்கிக் கட்டினார். கறுப்புக் கோட்டின் விளிம்பில் ஆரஞ்சுப் பூ எட்டிப் பார்ப்பது அப்படி வந்ததுதான். அழகுக்காகச் செய்ததில்லை. ஆனால் அழகாக இருந்தது.

ஒருமுறை செம்மேட்டுச் சந்தையில் ஒரு மிளகு வியாபாரி, "என்னம்மா, கரடி வேசமெல்லாம் போட்டுக்கிட்டு?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"ஆமாங்கண்ணா. கரடி பக்கத்துல நின்னா தராசு நேரா நிக்குமாமுங்க" என்றார் அக்கா.

இப்போது வியாபாரியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, அது யாருடைய கம்பளி என்று கேட்டார். தேவனூர்ப் பெரியண்ணனுடையது என்று அக்கா சொன்னதும் அவர் முகம் மாறியது. பெரியண்ணன் கொண்டுவரும் மிளகில் ஒரு பதர் இருக்காது என்றும், மழைக்கு ஒதுங்கினால் தன் கம்பளிக்குள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வார் என்றும் சொல்லிக்கொண்டே போனார். திரும்பி நடக்கும்போது, எல்லாரும் பார்க்கிறார்களே, கூச்சமாக இல்லையா என்று அக்காவிடம் கேட்டேன்.

"பாக்கட்டும் கண்ணு. பாத்தாத்தான் கேப்பாங்க. கேட்டாத்தான எங்கப்பன் பேரச் சொல்ல முடியும்."

மழை பிடித்துக்கொண்ட மத்தியானங்களில் வெளியூர் போக முடியாது. அப்போது அக்கா எங்கள் அறையில் தம் தகரப் பெட்டியைத் திறந்து துணிகளைக் கட்டில்மேல் பரப்பி, எதற்கு எது சேரும் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. "மூணுல ஒண்ணு பழசா இருக்கோணும், ஒண்ணு முரடா இருக்கோணும், ஒண்ணு பூவாட்ட இருக்கோணும். மூணும் பழசுன்னா சீக்காளி. மூணும் முரடுன்னா லாரி கிளீனரு" என்பார்.

என் அப்பா விவசாயத்துக்கு வருமுன் லாரி கிளீனராகத்தான் இருந்தார். தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு, அவருடைய காக்கிச் சட்டை வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த திங்கட்கிழமை கொண்டு போனேன். என் வெள்ளைச் சுடிதாருக்கு மேல் அதைப் போட்டுவிட்டு, கையை முழங்கை வரை சுருட்டி, ரோஸ் நிறத் துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிந்தார். கிழிந்திருந்த பாக்கெட்டைத் தைக்கட்டுமா என்றேன். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று கிழிசலில் இரண்டு ஊக்குகளைக் குத்தினார்.

அன்று வீதியில் தலை குனிந்தே நடந்தேன். பஸ் நிலையத்தருகே, மரவள்ளி ஏற்ற வந்த லாரியிலிருந்து, பழைய பழக்கத்தில் அதற்குத் துணையாக வந்திருந்த அப்பா இறங்கினார். என்னைப் பார்த்துத் திகைத்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அருகில் வந்து அந்தக் கிழிசலைத் தொட்டார். கொண்டை ஊசி வளைவொன்றில் லாரிமேலிருந்து தவறி விழப்போனவரை, சட்டைப் பாக்கெட் கொக்கியில் மாட்டித்தான் காப்பாற்றியதாம். அதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. "இது மாட்டலீன்னா நீயே இல்ல சாமி" என்றார். அப்பாவுக்கும் எனக்கும் அதற்குமுன் அவ்வளவு நீளமான பேச்சே நடந்ததில்லை.

எனக்கு அப்படி வாய்த்தது. அக்காவுக்கு வாய்க்கவில்லை. அவருடைய அம்மா பழனியம்மாள் அந்தக் கோட்டை வீட்டுக்குள் விட்டதே இல்லை. பொங்கலுக்கு ஒருமுறை அக்காவுடன் போயிருந்தேன். வேலியோரக் கொய்யா மரத்தருகே வந்ததும் அக்கா தானாகவே நின்று, கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டினார். அம்மா வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அது கிளையில் தொங்கிய பிறகுதான், "வா கண்ணு, வாங்க" என்று எங்கள் பக்கம் திரும்பினார். இரவெல்லாம் பனியில் நனைந்த கோட்டைக் காலையில் அக்கா உதறிப் போட்டுக்கொண்டபோதும் அம்மா பார்க்கவில்லை. மகள்மேல் கோபம் இல்லை, பயம்தான். இருந்தது ஒரே மகள்.

வழியில் அக்கா கோட்டின் ஈர விளிம்பைப் பிழிந்துகொண்டே நடந்தார். பிறகு சொன்னார்: "ஒரு நா, ஒரே ஒரு நா இதப் போட்டுக்கிட்டு எங்கூட்டு அடுப்போரம் குந்தோணும் புள்ள. எங்கம்மா எம் மூஞ்சியப் பாத்துப் பேசோணும்."

ஆறு ஆண்டுகளில் அது நடக்கவில்லை. இடையில் எனக்கு நாமக்கல்லில் வேலை கிடைத்தது. நேர்காணலுக்கு அந்தக் காக்கிச் சட்டையைப் போட்டுப் போகச் சொன்னார் அக்கா. எனக்குத் துணிச்சல் வரவில்லை. சேலை கட்டிக்கொண்டு போனேன். அதைப் பற்றி அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

செய்தி வந்ததும், கிடைத்த பஸ்ஸைப் பிடித்து மேலே போனேன். தூறிக்கொண்டிருந்தது. கொய்யா மரத்தில் கோட்டு தொங்கியது. மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்த அன்றும், நிற்க முடியாத நிலையிலும், அக்கா அதைத் தாமே மாட்டிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார்.

பெண்கள் அக்காவைக் குளிப்பாட்டிப் புதுச் சேலை உடுத்தியிருந்தார்கள். வாசலில் பெரியப்பா, அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டீர்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பளியை இப்போதாவது எரித்துவிட வேண்டும் என்றார். யாரும் மறுக்கவில்லை. அம்மாவும் அவர் சொல்வதைத்தான் நம்புவார் என்று நினைத்தேன். இத்தனை ஆண்டுகள் அவர் பயந்தது அப்படியே நடந்துவிட்டதே.

அம்மா எழுந்து வெளியே போனார். கொய்யா மரத்திலிருந்து கோட்டை எடுத்து, இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வாசற்படி ஏறினார். பெரியப்பா குறுக்கே வந்தார்.

"செத்தவன் கம்பளிய ஊட்டுக்குள்ள கொண்டுபோறியே, உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

"செத்தவன் கம்பளியச் செத்தவ போட்டுக்கறாங்க" என்றார் அம்மா. "இனி இந்த ஊட்டுல எடுத்துக்கிட்டுப் போறதுக்கு என்ன இருக்குது?"

பெரியப்பா விலகி நின்றார். அம்மா உள்ளே வந்து, அடுப்புச் சூட்டில் கோட்டை இருபுறமும் காட்டி ஈரம் போக்கினார். பிறகு என்னிடம் நீட்டினார். "நீ போட்டுவுடு கண்ணு. நாந்தான் அவ எப்படிப் போடுவான்னு பாத்ததே இல்லியே."

இன்னொரு பெண் அக்காவின் தோளைத் தூக்கிப் பிடிக்க, ஒவ்வொரு கையாக நுழைத்தேன். சேலையின் பூக்கரை விளிம்பில் தெரியும்படி முந்தானையை இழுத்து விட்டேன். ஊக்குகளை நேராக்கினேன். கீழிருந்து பித்தான்களைப் போட்டுக்கொண்டே வந்தேன். கழுத்துப் பித்தானைப் போட்டபோது அம்மா என் கையைப் பிடித்தார்.

"அதப் போடாத கண்ணு. கழுத்து இறுக்குனா அவளுக்கு ஆகாது. மேல் பித்தானத் தொறந்தே வுட்டுக்கிட்டுத்தான் வருவா, போவா."

அம்மாவே குனிந்து அந்தப் பித்தானைக் கழற்றினார். கழுத்தருகே கம்பளியை இலேசாக விலக்கிவிட்டார். அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மகளின் முகத்தைப் பார்த்தபடி அவர் அங்கேயே உட்கார்ந்து, மெல்லிய குரலில் பேசத் தொடங்கினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அக்கா, மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஆனாலும் நீங்கள் நனையாமல்தான் போயிருப்பீர்கள்.