திரை இழுத்தவன்

போன வாரம் பழனிசெட்டிபட்டியில், மகளுடைய பள்ளி ஆண்டுவிழாவில், முன்வரிசைப் பெரியவர் ஒருவரின் தலையில் குட்டிவிட்டேன். வேண்டுமென்றே செய்யவில்லை. மேடைத் திரை 'கிரீச்' என்று மேலே ஏறிய சத்தம் கேட்டதும், ஐம்பது வயதுக் கைகள் தாமாகவே கயிறு இழுக்கக் கிளம்பிவிட்டன.

விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், ஆண்டுவிழா நாடகத்துக்குத் திரை இழுப்பது என் பொறுப்பு. "நீ இல்லேன்னா நாடகமே ஆரம்பிக்காதுடா" என்றார் தமிழாசிரியர். அந்த ஒரு வரியை மட்டும் வீட்டுக்கு எழுதிப் போட்டேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை அப்பா வாடகைக்குப் பிடித்து, கம்பத்திலிருந்து சொந்தபந்தத்தையெல்லாம் அடைத்துக் கூட்டிவந்துவிட்டார்.

தூக்கிய திரையின் கயிற்றைப் பிடித்தபடி மேடை ஓரத்தில் மறைவாக நின்றேன். மந்திரி வந்தான், ராஜா வந்தான். ஒவ்வொரு முறையும் அத்தையின் குரல் கேட்டது.

"இதுவும் நம்ம பய இல்லையே! ஏலே, எங்கன இருக்க?"

பொறுக்க முடியவில்லை. தலையை நீட்டி, "அத்தே, இங்கன!" என்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். திரை தொப்பென்று ராஜாவின் தலையில் விழுந்தது. கூட்டம் முழுக்கச் சிரித்தது. அப்பா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

ஜீப்பில் ஏறும்போதுதான் அவர் அத்தையிடம் வாயைத் திறந்தார்.

"கயிறு இழுக்கத்தான்னா நம்ம கெணத்துலயே இழுத்திருப்பானே. அங்கன கைய விட்டாலும் வாளிதான் விழும்."