நூற்றெண்பது இடது கை

அந்தத் தையல் தொழிற்கூடத்தில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். துணி வெட்டும் மேசை அவருடையது. துணியைத் தொண்ணூறு அடுக்காக விரித்து, மேல் அடுக்கில் அளவுக்கு வெட்டிய அட்டைகளை வைத்துச் சாக்பீசால் வரைவார். பிறகு இடது கையில் இரும்பு வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு, மின்கத்தியைக் கோட்டின்மேல் நடத்திப் போவார். ஒரு கோடு தவறினால் தொண்ணூறு துண்டும் வீண். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை.

தூக்கம் கெட்டது ஒரு பெரிய ஆர்டரின்போது. படுத்த பிறகும் துணிக்கணக்கு தலைக்குள் ஓடியது. மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. ஆர்டர் முடிந்து சரக்கும் லாரி ஏறிவிட்டது. மூன்று மணி விழிப்பு மட்டும் போகவில்லை.

விட்ட தூக்கத்தைப் பிடித்துவிடலாம் என்று எட்டரைக்கே படுக்கப் போனார். பக்கத்தில் மனைவியை எழுப்பக்கூடாதென்று தூங்குவதுபோல் கிடந்தார். அவர் புரள்வதில் அவளும் விழித்திருந்தாள். அவருக்குத் தெரிய வேண்டாமென்று அவளும் தூங்குவதுபோல் கிடந்தாள். ஏழு மாதம் இப்படியே போயிற்று.

பிறகு பகலும் மாறியது. ஞாயிற்றுக்கிழமை மைத்துனனோடு கேரம் ஆடுவது நின்றது. தட்டில் எது வைத்தாலும் ருசி தெரியாமல் உள்ளே போயிற்று. மாலையில் பஸ் நிறுத்தம்வரை போய்விட்டு, கத்தியின் பிளக்கைப் பிடுங்கினோமா என்று சந்தேகப்பட்டுத் திரும்பி வருவார். பிடுங்கித்தான் இருக்கும். அதற்குள் பஸ் போயிருக்கும். இரவில் அதே சந்தேகம் தூங்கவிடாது. தூங்காத மறுநாள் சந்தேகம் இன்னும் கூடும்.

வெளியே சொல்லவில்லை. தூங்காத ஆளிடம் யாரும் கத்தியைக் கொடுக்கமாட்டார்கள். கத்தி இல்லாவிட்டால் தான் யார் என்பது அவருக்குத் தெரியவில்லை.

பள்ளிச் சட்டைகளுக்காக, ஒரு பக்கம் மட்டும் கட்டம் அச்சிட்ட துணி வந்திருந்தது. சட்டைக் கைக்கு ஒரே அட்டைதான். இடது கைக்கு நேராக வைத்து வரைய வேண்டும், வலது கைக்குக் கவிழ்த்து வைத்து வரைய வேண்டும். மாஸ்டர் அன்று மூன்று முறை சரிபார்த்தார். அளவைப் பார்த்தார், நூலோட்டத்தைப் பார்த்தார், துண்டுகளை எண்ணினார். அட்டையைக் கவிழ்த்தோமா என்பதை மட்டும் பார்க்கவில்லை.

மதியம், தையல் வரிசையை மேற்பார்க்கும் லைன் அக்கா இரண்டு கைத்துண்டுகளோடு வந்து நின்றாள்.

“மாஸ்டர், இந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு ரெண்டும் இடது கையா?”

“துணிக்கட்டு மாறியிருக்கும். வேற கட்டைப் பிரிச்சுப் பாரும்மா.”

“எல்லாத்தையும் பிரிச்சாச்சு. தொண்ணூறு சட்டை, நூத்தியெண்பது இடது கை.”

தையல் வரிசையிலிருந்து ஒருத்தி, “துணியைத் திருப்பிப் போட்டா வலது ஆயிடாதா?” என்றாள்.

“ஆகும். கட்டம் உள்பக்கம் போயிடும். உன் மகனுக்குப் போட்டு அனுப்பு” என்றாள் லைன் அக்கா. சிரிப்பு அடங்கியதும் மாஸ்டர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். “நீங்க ஒழுங்காத் தூங்கி எத்தனை நாளாச்சு?”

“என்ன பேச்சு இது?”

“எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் இருந்தாரு. இன்னிக்குப் போனது சட்டையோட கை. நாளைக்கு உங்க கை போகும். அப்ப நான் பிரிச்சுப் பாக்க முடியாது.”

அவர் கையுறையைக் கழற்றினார்.

தூக்க மாத்திரை மட்டும் வாங்கிவருவதாகச் சொல்லித்தான் டாக்டரிடம் போனார். டாக்டர் வயதில் சின்னவள். சாப்பாட்டைக் கேட்டாள், பொழுதுபோக்கைக் கேட்டாள். கேரம் நின்றதும் பிளக் சந்தேகமும் வெளியே வந்தன. அதே குரலில், “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” என்றும் கேட்டாள்.

“அப்படியெல்லாம் இல்ல.” பிறகு மேசையைப் பார்த்தபடி, “காலைல எழுந்திருக்காமலே இருந்துட்டா நல்லதுன்னு சில நாள் தோணும்” என்றார்.

அவள் அதைப் பற்றி இன்னும் நாலைந்து கேள்வி கேட்டு எழுதிக்கொண்டாள்.

“தூக்கம் போனதால மனசு கெட்டுதா, மனசு கெட்டதால தூக்கம் போச்சா, டாக்டர்?”

“ஒண்ணை ஒண்ணு இழுக்குது. எது முதல்லன்னு தேட வேண்டாம். ரெண்டையும் சேத்தே பாப்போம்.”

இரவு பதினொன்றுக்கு முன் படுக்கக்கூடாது என்றாள். ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் வேறு அறையில் போய் உட்கார வேண்டும். மனச்சோர்வுக்கு மாத்திரை ஒன்று தந்தாள். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்றாள். வாரம் ஒருமுறை வந்து பேச வேண்டும். அவள் சொல்லும்வரை கத்தியைத் தொடக்கூடாது.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தூக்கம் வரலன்னு போனவரை, படுக்காதீங்கன்னு அனுப்பியிருக்காங்க. நல்ல டாக்டர்தான்” என்றாள்.

“நீயும் இனி தூங்கற மாதிரி நடிக்க வேண்டாம்.”

“யாரு நடிச்சா?” என்றாள் அவள். விளக்கை அணைத்த பிறகு, “உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?” என்றாள்.

மறுநாள் முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார்.

“கத்தி இல்லாம என்ன பண்ணுவீங்க, மாஸ்டர்?”

“வரைஞ்சு குடுக்கறேன். வெட்ட வேற ஆளப் போடுங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“தெரியல.”

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு வேறு கூடத்திலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார். அவர் இடது கைக்காரர். லைன் அக்கா பார்த்துவிட்டு, “ஏற்கெனவே இருக்கறது போதாதா?” என்றாள்.

பதினோரு வாரம் மாஸ்டர் வரைய மட்டும் செய்தார். சில இரவு ஆறு மணி நேரத் தூக்கம், சில இரவு நான்கு. முதல் மாதம் பகலில் நின்றபடியே கண் சொருகியது. பிளக்கைப் பிடுங்குவது இப்போது இடது கைக்காரரின் வேலை. இருந்தும் மாஸ்டர் இரண்டு முறை நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்தார். வாரப் பேச்சில் அதை ஒளிக்காமல் சொன்னார். ஏழாவது வாரம் மைத்துனன் கேரம் பலகையோடு வந்து உட்கார்ந்தான். மாஸ்டர் தோற்றார். அடுத்த ஞாயிறும் தோற்றார்.

பன்னிரண்டாவது வாரம், இனி கத்தியைத் தொடலாம் என்ற டாக்டரின் கடிதத்தோடு வந்தார். அன்றும் பள்ளிச் சட்டைதான். கை அட்டையை வைத்து வரைந்தார், கவிழ்த்து வரைந்தார், ஒருமுறை சரிபார்த்தார். இரண்டாவது முறைக்குக் குனிந்தவர் நிமிர்ந்து, சாக்பீசைப் பையில் போட்டுக்கொண்டு கையுறையை மாட்டினார்.

லைன் அக்கா முதல் கட்டைப் பிரித்து, இரண்டு கைத்துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்று இடது, ஒன்று வலது. வரிசைக்கு அனுப்பினாள்.

மாலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிறுத்தத்தில் வந்து நின்றார். சந்தேகம் வந்தது. பஸ்ஸும் வந்தது. ஏறிக்கொண்டார்.